புராணக் கதையைக் குழந்தைகளுக்கான படப் புத்தகமாக்குவது எப்படி: முசுகுந்தன் கதையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

திருவாரூர் தியாகராசர் கோயிலில் தேவாசிரிய மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே அண்ணாந்து பார்த்தால், குரங்கு முகம் கொண்ட ஒரு ராஜாவின் கதை விதானத்தில் வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள். ஒவ்வொரு காட்சியிலும் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் சின்னதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் பெயர் சிங்காதனம் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஒரு படம், கீழே ஒரு வரி, அப்புறம் அடுத்த படம். இன்று நாம் படப் புத்தகம் என்று சொல்வதை அவர் சுண்ணாம்புப் பூச்சின் மேல் செய்து முடித்துவிட்டார்.

அந்த ராஜா முசுகுந்தன். அவர் கதையை நானும் ஓர் ஓவியரும் படப் புத்தகமாக்கினோம், அதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்க உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு கதை வைத்திருக்கலாம். நாயன்மார் கதையோ, பைபிள் கதையோ, பாட்டி சொன்ன ராட்சசன் கதையோ எதுவானாலும் வேலை இதே வரிசையில்தான் நடக்கும்.

தொடங்குமுன் ஒன்று. குழந்தைகளுக்கு என்று புராணத்தைத் திரும்பச் சொல்லும்போது நம்மில் பலர் முதலில் செய்வது, கதையில் விசித்திரமாக இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டுக் கடைசியில் ஒரு நீதியை ஒட்டுவது. அந்த விசித்திரம்தான் கதையின் உயிர். அதைக் காப்பாற்றிக் குழந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் கீழே சொல்லும் அத்தனை வேலையும்.

1. கதையைத் தேர்ந்தெடுப்பது

ராமாயணம் முழுவதையும் 32 பக்கத்தில் அடைக்க நினைக்காதீர்கள். அது புத்தகமாக வராது, பெயர்ப் பட்டியலாகத்தான் வரும். ராமாயணத்தில் அணில் வந்தால் அதை மட்டும் எடுங்கள். ஒரு ஆள், அவனுக்கு ஒரு ஆசை, அதற்கு ஒரு தடை, இவ்வளவு போதும்.

முசுகுந்தன் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். கயிலையில் ஒரு வில்வ மரத்தில் இருந்த முசு இலைகளைப் பறித்துப் பறித்துக் கீழே போடுகிறது. முசு என்றால் கருமுகக் குரங்கு, சங்கப் பாட்டிலேயே வரும் சொல். கீழே சிவனும் உமையும் இருக்கிறார்கள். உமைக்குக் கோபம் வருகிறது. சிவனோ அதை அர்ச்சனையாக ஏற்றுக்கொண்டு, பூமியில் ராஜாவாகப் பிறக்கும்படி வரம் தருகிறார். முசுவுக்கு அவரை விட்டுப் போக மனசில்லை. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் இந்த முகமாவது இருக்கட்டும், வந்த இடத்தை மறக்காமல் இருப்பேன் என்று கேட்கிறது. குரங்கு முகத்தோடு பிறந்து வளர்ந்த ராஜா, அசுரர்களோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நிற்கிறார். பரிசாக, இந்திரன் பூசிக்கும் தியாகராசர் திருமேனியைக் கேட்கிறார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோல் இன்னும் ஆறு செய்யச் சொல்லி, உண்மையானது எது என்று கண்டுபிடி என்கிறான். முசுகுந்தன் சரியாகக் கண்டுபிடிக்கிறார். கடைசியில் ஏழுமே அவருக்குக் கிடைக்கின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், திருநள்ளாறு, திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்று சப்த விடங்கத் தலங்கள் ஏழும் உண்டான கதை இது.

இந்தக் கதையை ஏன் எடுத்தேன் என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறது. இலை விழுகிறது, தொட்டிலில் ஒரு குரங்கு முகம், ஒரே மாதிரி ஏழு. பாதிக் கதையை வாய் திறக்காமல் படமே சொல்லிவிடும். இந்தச் சோதனையை உங்கள் கதைக்கும் வைத்துப் பாருங்கள். படமாக்க முடியாத உபதேசமும் உரையாடலுமாகவே ஓடும் கதை என்றால் அதை வாய்மொழியாகச் சொல்வதற்கு வைத்துக்கொள்ளலாம்.

2. மூலங்களைத் தேடிப் படிப்பது

ஒரு வடிவத்தை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காராதீர்கள். குறைந்தது மூன்றாவது வேண்டும். முசுகுந்தன் கதை கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இருக்கிறது. திருவாரூர்த் தலத்துக் கதைகளில் இருக்கிறது. மேலே சொன்ன விதானத்தில் இருக்கிறது. பழைய நூல்களின் மூலப் பாடல்களை மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் காசில்லாமல் படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு நோட்டில் எங்கெங்கே கதை மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு திருமேனிகளையும் ஒரே வரிசையில் வைத்ததாகச் சிலர் சொல்வார்கள், ஒவ்வொன்றாகக் காட்டியதாகச் சிலர். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதும் சொல்பவரைப் பொறுத்து மாறும். இப்படி மாறும் இடங்களில்தான் உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறது. எல்லா வடிவத்திலும் மாறாமல் நிற்பது குரங்கு முகம். அதில் கை வைக்கக்கூடாது.

மேலைநாட்டுத் தேவதைக் கதைகளிலும் இதே நிலைதான். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை ஓநாய் அவளைத் தின்பதோடு முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்து வெளியே எடுப்பது கிரிம் சகோதரர்களின் வடிவம். அந்தச் சகோதரர்களே 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் பனிவெண்மையை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொல்வது பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஆக, திரும்பச் சொல்கிற எல்லோரும் எதையோ மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் எந்த வடிவத்தைப் பின்பற்றுகிறீர்கள், எதை மாற்றுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உரிமை விஷயம்: கந்தபுராணம் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் அதற்கு அண்மையில் எழுதிய உரையோ, இன்னொருவர் சொந்த நடையில் எழுதிய கதையோ அப்படி இல்லை. இந்தியாவில் எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கதையை எடுக்கலாம், அவருடைய வாக்கியத்தை எடுக்கக்கூடாது.

3. டம்மி செய்வது

டம்மி என்றால் புத்தகத்தின் வெற்று மாதிரி. எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். 8 ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து இரண்டு பின் அடியுங்கள். 32 பக்கம் வந்துவிடும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு, அதனால்தான் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்கின்றன. 34 பக்கம் என்று போய் நின்றால் அச்சகக்காரர் உங்களைப் பாவமாகப் பார்ப்பார்.

முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போகும். கடைசி மூன்று பக்கத்தைக் குறிப்புக்கும் ஒரு குட்டிப் படத்துக்கும் ஒதுக்குங்கள். நடுவில் 4 முதல் 29 வரை, எதிரெதிர்ப் பக்கங்களாக 13 ஸ்பிரெட் கிடைக்கும். கதை முழுக்க இந்த 13க்குள் அடங்க வேண்டும்.

முசுகுந்தனை நான் இப்படிப் பிரித்தேன். முதல் ஸ்பிரெட்டில் இரவு, வில்வ மரம், இலை பறிக்கும் ஒரு கை. இரண்டாவதில் தலைமேல் இலை விழுந்து உமை அண்ணாந்து பார்க்கிறாள். மூன்றாவதில் வரம், நான்காவதில் முசு தன் முகத்தைக் கேட்பது. ஐந்தாவதில் அரண்மனைத் தொட்டிலைச் சுற்றி எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், ஆனால் குழந்தையின் முகம் நமக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பினால் ஆறாவதில் முகம். ஏழாவதில் போர், எட்டாவதில் வெற்றியும் அந்தத் திருமேனியை அவர் பார்க்கும் கணமும். ஒன்பதாவது முழுக்கப் பாற்கடல். இந்திரனிடம் வருவதற்கு முன் அந்தத் திருமேனியைத் திருமால் மார்பில் வைத்திருந்தபோது அவர் மூச்சு ஏற ஏற, இறங்க இறங்க அது ஆடியதாம். திருவாரூர்த் தியாகராசர் ஆடுவது அஜபா நடனம் என்று சொல்வதன் பின்னணி இதுதான். பத்தாவதில் இந்திரன் ராத்திரியோடு ராத்திரியாக ஆறு செய்யச் சொல்கிறான். பதினொன்றில் ஏழும் வரிசையாக நிற்கின்றன. அடுத்ததில் கண்டுபிடிப்பு, கடைசியில் ஏழு ஊர்.

இதில் மிக முக்கியமானது பக்கம் திரும்பும் இடம். கேள்வி வலது பக்கத்தில் முடிய வேண்டும், பதில் திருப்பிய பிறகு வர வேண்டும். தொட்டிலுக்கும் முகத்துக்கும் நடுவில் குழந்தையின் கைவிரல் இருக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் டம்மியை முதலில் செய்யச் சொன்னேன்.

போருக்கு ஒரே ஒரு ஸ்பிரெட் கொடுத்ததும் யோசித்துச் செய்ததுதான். போரை எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம், ஆனால் நம் கதை முகத்தைப் பற்றியது.

4. எழுதுவது

4 முதல் 6 வயதுக் குழந்தைக்குப் படித்துக்காட்டும் புத்தகம் என்றால் 300 முதல் 500 சொல்லுக்குள் நிறுத்துங்கள். தானே படிக்கும் 7, 8 வயதுக்கு 800 வரை போகலாம். இது என் அனுபவக் கணக்கு. தமிழில் ஒரு சொல்லே நீளமாக இருக்கும் என்பதால் ஆங்கிலப் புத்தகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

படத்தில் இருப்பதை எழுதாதீர்கள். 'கரிய முகமும் நீண்ட வாலும் உடைய முசு ஒன்று பச்சை வில்வ மரத்தின் கிளையில் அமர்ந்திருந்தது' என்று என் முதல் படியில் இருந்தது. மரம், முகம், வால் எல்லாம் படத்தில் இருக்கும். கடைசியில் அந்த இடத்தில் நின்றது இவ்வளவுதான்: 'எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அது மட்டும் தூங்கவில்லை.'

தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது. குரங்கு அஃறிணை, ராஜா உயர்திணை. அப்படியானால் முசு எந்தப் பக்கத்தில் 'அது'விலிருந்து 'அவன்' ஆகிறது? பிறந்த பிறகு என்பதுதான் இலக்கணப்படி சரி. நான் அதை ஒரு ஸ்பிரெட் முன்னால் கொண்டுவந்தேன். 'சாமி, நான் போகமாட்டேன்' என்று சொல்லும்வரை அது 'அது'. 'என் முகம் மட்டும் இப்படியே இருக்கட்டும்' என்று கேட்ட அடுத்த வரியில், 'அவன் கேட்டதைச் சிவன் கொடுத்தார்.' விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. ஒரு சொல் மாறியதிலேயே அவனுடைய பிறப்பு நடந்துவிடுகிறது. உங்கள் கதையில் பேசும் கிளியோ, சாபம் பெற்ற தவளையோ இருந்தால் இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.

மரியாதை விகுதியையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சிவன் 'சொன்னார்', உமை 'சொன்னாள்' என்று பழக்கத்தில் வந்துவிடும். அப்பாவுக்கு ஆர் விகுதி, அம்மாவுக்கு ஆள் விகுதி என்று குழந்தை அதைக் கவனிக்கும். உமையை 'சொன்னாள்' என்று நெருக்கத்தோடு எழுதுவதும் தமிழில் அழகான மரபுதான். எதுவானாலும் தெரிந்து செய்யுங்கள். இந்திரனுக்கு நான் 'ன்' விகுதியே வைத்தேன், ஏமாற்றப் பார்க்கிறான் அல்லவா. முசுகுந்தன் ராஜா ஆனதும் 'ர்' ஆகிவிடுவார்.

கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு பேச்சாக வரட்டும். நீண்ட புணர்ச்சிகளைப் பிரித்து எழுதுங்கள். 'கேட்டுக்கொண்டிருந்தபொழுதினில்' என்று எழுதினால் படிக்கும் குழந்தை பாதியில் மூச்சு வாங்கும். 'ஆகவே குழந்தைகளே' என்று தொடங்கும் பத்தி எங்காவது இருந்தால் அதை முழுசாக அடித்துவிடுங்கள்.

5. ஓவியரோடு வேலை

சாமி படம் என்றாலே நம் கண்முன் வருவது காலண்டர்தான். ரவிவர்மாவின் அச்சுப் படங்களும், அதன்பின் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான படங்களும் தெய்வங்களுக்கு ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டன. அவை அழகானவை, எங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் இருக்கின்றன. ஆனால் படப் புத்தகத்துக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. தாராசுரம் கோயிலில் 63 நாயன்மார் கதைகளும் குட்டிக் குட்டிச் சிற்பங்களாக இருக்கின்றன. ஒரு கதையின் உச்ச கணத்தை மட்டும் எடுத்துச் செதுக்குவது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சுந்தரர் யானைமேலும் சேரமான் குதிரைமேலும் கயிலைக்குப் போகும் சோழர் கால ஓவியம் இருக்கிறது. ஒரே சுவரில் கதை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். தோல்பாவைக் கூத்தையும், சென்னையில் தாரா பதிப்பகம் பழங்குடி, நாட்டார் ஓவியர்களோடு செய்திருக்கும் புத்தகங்களையும் ஓவியரோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

அசுரர்களைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். சொல்லாமல் விட்டால் அசுரன் கறுப்பாக, குண்டாக, கோரைப் பல்லோடு வந்து நிற்பான், தேவர்கள் சிவப்பாக இருப்பார்கள். அதைப் பார்க்கும் கறுப்பான குழந்தை எந்தப் பக்கம் போய் நிற்கும்? எங்கள் புத்தகத்தில் இரண்டு படைகளிலும் எல்லா நிறமும் இருக்கின்றன. கொடியை வைத்துத்தான் வேறுபடுத்தினோம். இது ஒரு கதையைக் காப்பாற்றுவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஓவியருக்கு ஒவ்வொரு ஸ்பிரெட்டுக்கும் இரண்டு மூன்று வரி எழுதிக் கொடுங்கள். என்ன நடக்கிறது, எந்த நேரம், யார் முகத்தில் என்ன. அதற்குமேல் சொல்லாதீர்கள். எங்கே நிற்பது, எந்தக் கோணம் என்பதெல்லாம் அவர் வேலை. ஆனால் தகவல்களைத் தாராளமாகக் கொடுங்கள். தியாகராசர் சோமாஸ்கந்தர், சிவனும் உமையும் நடுவில் குட்டிக் கந்தனும். திருவாரூரில் முகம் தெரியும், திருமேனி மறைந்திருக்கும். இதைச் சொன்னதும், ஏழும் ஒரே மாதிரி தெரியும் அந்தப் பக்கத்தை எப்படி வரைவது என்று எங்கள் ஓவியருக்குப் பிடிபட்டுவிட்டது. துணி, பூ, ஏழு முகம். உண்மையானதன் அடியில் மட்டும் ஒரு வில்வ இலை. அந்த ஸ்பிரெட்டில் எழுத்து ஒரே ஒரு சொல்தான்: 'எது?'

அந்த இலை எந்தப் பழைய நூலிலும் இல்லை, நாங்கள் சேர்த்தது. 30ஆம் பக்கக் குறிப்பில் அதை அப்படியே சொல்லியிருக்கிறோம். சேர்ப்பது தவறில்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து கந்தபுராணத்தைப் படிக்கும்போது குழம்பக் கூடாது.

ஓவியருக்கான பணம், மறுபதிப்பில் பங்கு, மூல ஓவியம் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் வேலை தொடங்குமுன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் எழுத்தாளர் பெயரும் ஓவியர் பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும்.

6. குழந்தைகளிடம் படித்துக் காட்டுவது

கோட்டோவிய நிலையிலேயே செய்யுங்கள், வண்ணம் தீட்டிய பிறகு மாற்ற மனசு வராது. உங்கள் சொந்தக் குழந்தை மட்டும் போதாது, அது உங்கள் குரலுக்காகவே கேட்கும். ஒரு இரண்டாம் வகுப்பில் நான் டம்மியை வைத்துப் படித்தபோது கை எங்கே அலைகிறது, எப்போது ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பாற்கடலில் எல்லோரும் என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்டார்கள். ஆகவே அங்கே இருந்த நான்கு வரியை ஒன்றாக்கினேன்.

ஒரு பையன் கேட்டான், "கொரங்கு மூஞ்சின்னு யாரும் சிரிக்கலையா?" நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. ராஜாவாயிற்றே என்று விட்டிருந்தோம். அப்புறம் ஆறாவது ஸ்பிரெட்டின் மூலையில் ஒரு குழந்தை வாயைப் பொத்திச் சிரிப்பதையும், தொட்டிலில் இருக்கும் குட்டி அதைப் பார்த்துத் திருப்பிச் சிரிப்பதையும் ஓவியர் சேர்த்தார். புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இப்போது அதுதான்.

'இது நிஜமா நடந்துச்சா?' என்ற கேள்வியும் வரும். 'திருவாரூரில் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிற கதை' என்பது நேர்மையான பதில். வீட்டில் நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் அது இடம் கொடுக்கும்.

7. பக்க அமைப்பும் அச்சும்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். படங்கள் 300 டிபிஐ, நான்கு வண்ண அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் இருக்க வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது தாளை வெட்டும்போது போகும் ஓரம், விடுங்கள். முகமோ எழுத்தோ நடு மடிப்பில் விழக்கூடாது. எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், படத்தின் மேல் போட்டால் பின்னணி வெளிறியதாக இருக்கட்டும். சொல்லை வரி இறுதியில் உடைக்காதீர்கள். உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம், சென்டர் பின் போதும்.

தமிழ் எழுத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நான் கொடுத்த யூனிகோடு கோப்பை ஒரு அச்சகத்தில் லேஅவுட் மென்பொருளில் போட்டபோது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, 'கொடு' என்ற சொல் உடைந்து நின்றது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகிவிடும். அதன்பிறகும் திரையில் பார்த்து ஒப்புதல் தராமல், தாளில் எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சில நூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரத்தைத் தாண்டினால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும், அதற்கு வைக்க நினைத்தால் அக்டோபருக்குள் ஓவியம் முடிந்திருக்க வேண்டும்.

8. முன்பின் உள்ளட்டைகள்

இதை வெள்ளையாக விட்டுவிடுவது பெரிய நஷ்டம். ஏழு ஊரில் தியாகராசர் ஏழு விதமாக ஆடுவதாகச் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் கடலலைபோல, திருக்காறாயிலில் கோழிபோல, திருக்கோளிலியில் வண்டுபோல, திருவாய்மூரில் காற்றிலாடும் தாமரைபோல, திருமறைக்காட்டில் அன்னம்போல, திருநள்ளாற்றில் பித்தன்போல, திருவாரூரில் மூச்சுப்போல. முன் உள்ளட்டையில் ஏழு ஊரையும் வரைபடமாகவும், பின் உள்ளட்டையில் ஒரு குட்டி முசு இந்த ஏழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டுவதாகவும் போட்டோம். வகுப்பில் புத்தகம் முடிந்த பிறகு நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆடுவதற்குத்தான் அந்தப் பக்கம் பயன்படுகிறது. கோழிக்குத்தான் அதிகப் போட்டி.

திருவாரூர்ப் பக்கம் போக முடிந்தால் புத்தகத்தோடு ஒரு குழந்தையையும் தேவாசிரிய மண்டபத்துக்குக் கூட்டிப்போங்கள். மண்டபத்துக்குள் விடுவார்களா என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைக்கண்ணாடி எடுத்துப்போனால் கழுத்து வலிக்காமல் விதானத்தைப் பார்க்கலாம். எழுத்துகள் மட்டும் கண்ணாடியில் இடவலமாகத் தெரியும், அவற்றை அண்ணாந்துதான் படிக்க வேண்டும்.